திண்டுக்கல் சந்திப்பில் இரண்டு பலகைகள்

திண்டுக்கல் சந்திப்பில் இரயிலுக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். திருச்சி, மதுரை, கரூர், பழனி ஆகிய நான்கு பக்கங்களிலிருந்தும் பாதைகள் வந்து கூடுகிற நிலையம் அது. அடுத்த முறை அங்கே நிற்க நேர்ந்தால் நடைமேடையின் கோடியில் இருக்கும் மஞ்சள் பலகையைக் கவனியுங்கள். ஊர்ப் பெயர் மூன்று மொழிகளில் கறுப்பு எழுத்தில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே, பெரும்பாலோர் கண்ணில் படாத சிறிய எழுத்தில், அந்த இடம் கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்ற எண்ணும் இருக்கும்.

பிறகு வண்டியில் ஏறிச் சன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். வண்டி போகப் போகப் பாதையோரத்தில் ஆங்காங்கே ஒரு குட்டைக் கம்பம் தென்படும். அதிலிருந்து கைகளைப் போல இரண்டு பட்டைகள் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டியிருக்கும். ஒரு கை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கலாம். மற்றொன்று கீழ்நோக்கியோ கிடையாகவோ இருக்கலாம். அவற்றின்மேல் 100, 150, 400 என்பது போன்ற எண் இருக்கும். கிடையாக இருக்கும் கையில் எண்ணுக்குப் பதிலாக ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் காணப்படும். இதற்குச் சரிவுக் கம்பம் என்று பெயர். 100 என்றால், கிடையாக 100 மீட்டர் போனால் பாதை 1 மீட்டர் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று பொருள். ‘எல்’ என்றால் சமதளம்.

மஞ்சள் பலகை ‘எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்?’ என்பதற்கு விடை சொல்கிறது. சரிவுக் கம்பமோ ‘உயரம் எந்த வீதத்தில் மாறுகிறது?’ என்பதற்கு விடை சொல்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்து அறிந்துகொண்டவர், நுண்கணிதத்தின் முதல் வாயிலைக் கடந்தவர் ஆவார்.

சில ஆண்டுகளுக்கு முன் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சிலருடன் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து என்ற சார்பின் வகைக்கெழு என்ன என்று கேட்டேன். “மூன்று சார்” என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரியான விடைதான். “ஐந்து எங்கே போயிற்று?” என்றேன். “அது மாறிலி சார், போய்விடும்” என்றான் ஒருவன். “எங்கே போகும்?” என்றேன். அமைதி. கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண், “ஏன் போகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை சார்” என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய விடைதான் இக்கட்டுரை.

ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரு பாதை 100-க்கு 1 என்ற சீரான ஏற்றத்தில் புறப்படுகிறது என்றும் கொள்வோம். (இது கணக்குக்காக நாமே போட்டுக்கொண்ட பாதை. இதை நம்பி யாரும் எஞ்சின் ஓட்டப் புறப்பட வேண்டாம்.) நிலையத்திலிருந்து போன தூரத்தை மீட்டரில் ‘த’ என்போம். அந்த இடத்தின் உயரத்தை ‘உ’ என்போம். உங்கள் பாடநூலில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். எழுத்து எதுவானால் என்ன?

100 மீட்டர் போனால் உயரம் 281. 1,000 மீட்டர் போனால் 290. 1,600 மீட்டர் போனால் 296. சுருக்கமாக எழுதினால்,

உ = 0.01 × த + 280

இப்படி ஓர் எண்ணால் பெருக்கி ஓர் எண்ணைக் கூட்டுவதோடு நின்றுவிடுகிற சார்புக்கு நேரியல் சார்பு என்று பெயர். வரைபடத்தாளில் குறித்தால் இது நேர்கோடாக அமையும். பெயர்க் காரணமும் அதுவே.

இப்போது வகைக்கெழுவைக் காண்போம். சூத்திரம் ஒன்றும் வேண்டாம். நிலையத்திலிருந்து ‘த’ தூரத்தில் ஓரிடத்தில் நிற்கிறீர்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறீர்கள். அந்தக் கூடுதல் தூரத்தைக் ‘க’ என்போம்.

முதலில் நின்ற இடத்தின் உயரம்: 0.01 × த + 280
தள்ளிப் போன இடத்தின் உயரம்: 0.01 × (த + க) + 280

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். இரண்டிலும் 280 இருக்கிறது, ஒன்றையொன்று அடித்துவிடும். இரண்டிலும் 0.01 × த இருக்கிறது, அதுவும் அடிபட்டுவிடும். மிஞ்சுவது 0.01 × க. இதுதான் உயரத்தில் ஏற்பட்ட மாற்றம். தூரத்தில் ஏற்பட்ட மாற்றம் க. உயர மாற்றத்தைத் தூர மாற்றத்தால் வகுத்தால்,

(0.01 × க) ÷ க = 0.01

ஐந்து எங்கே போயிற்று என்பதற்கு விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது. மாறிலி காற்றில் கரைந்து போகவில்லை. புறப்பட்ட இடத்திலும் அது இருந்தது, போய்ச் சேர்ந்த இடத்திலும் அது அப்படியே இருந்தது. நாம் கேட்டது வித்தியாசத்தை. இரு பக்கமும் சமமாக இருப்பது வித்தியாசத்தில் வராது. மாடியில் நிற்கும் அண்ணனும் தம்பியும் யார் உயரம் என்று பார்க்கும்போது மாடியின் உயரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா? அதைப் போன்றதே இது.

ஆனால் 280 மறைந்ததைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். கூடவே ‘த’வும் மறைந்துவிட்டதைக் கவனித்தீர்களா? விடையில் ‘த’ இல்லை. அதாவது நீங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டாலும், பத்து கிலோமீட்டர் தள்ளி நின்று கேட்டாலும், மாற்ற வீதம் 0.01 என்ற ஒரே விடைதான் கிடைக்கும். இது நேரியல் சார்புக்கு மட்டுமே உரிய குணம். தேர்வில் “த = 2 என்னும்போது 3த + 5 என்பதன் வகைக்கெழு யாது?” என்று கேட்டால், 3-ஐ 2-ஆல் பெருக்கி 6 என்று எழுதிவிட்டு வருபவர்கள் உண்டு. விடை 3 என்பதே. இரண்டிலும் மூன்றுதான், இருநூறிலும் மூன்றுதான். பெருக்குவதற்கு அங்கே ‘த’ மிஞ்சவில்லை.

பூச்சியத்தால் வகுக்கலாமா?

இதைப் படித்துக்கொண்டு வந்தவர்களில் கூர்மையானவர் ஒருவர் இப்போது கையை உயர்த்தக்கூடும். “பாடநூலில் க-வைப் பூச்சியத்தை நெருங்கவிட வேண்டும், எல்லை காண வேண்டும் என்றெல்லாம் இருக்கிறதே, அதை நீங்கள் விட்டுவிட்டீர்களே!”

விடவில்லை. அது எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இங்கே அதற்கு ஏன் வேலையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஓரிடத்தில், ஒரு கணத்தில், மாற்றத்தின் வீதம் என்ன என்பது பழைய கேள்வி. கோள்களின் நகர்வைக் கணித்தவர்களுக்கு இது தேவைப்பட்டது. பாஸ்கராச்சாரியர் 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் கோள்களுக்குத் ‘தாற்காலிக கதி’, அதாவது அந்தக் கணத்துக்குரிய வேகம், என்ற கருத்து வருகிறது. ஐரோப்பாவில் நியூட்டன் 1660-களில் இம்முறையை உருவாக்கினார். லைப்னிஸ் 1684-இல் தம் முறையை அச்சில் வெளியிட்டார். மாணவர்கள் இன்று ‘டி ஒய் பை டி எக்ஸ்’ என்று சொல்லும் குறியீடு லைப்னிஸ் தந்தது.

வளைந்து செல்லும் சார்புகளில்தான் சங்கடம் தோன்றியது. ஒரு கல்லை உயரத்திலிருந்து விட்டால், அது விழும் தூரம் வினாடிகளின் வர்க்கத்தை 4.9-ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர். இரண்டாவது வினாடி முடியும் அந்தக் கணத்தில் கல்லின் வேகம் என்ன? இரண்டாம் வினாடிக்கும் மூன்றாம் வினாடிக்கும் இடையே சராசரி எடுத்தால் வினாடிக்கு 24.5 மீட்டர் வருகிறது. இடைவெளியைப் பத்தில் ஒரு வினாடியாகக் குறைத்தால் 20.09. நூறில் ஒரு வினாடியாகக் குறைத்தால் 19.649. பொதுவாகச் சொன்னால் விடை 19.6 + 4.9 × க. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை மாறிக்கொண்டே வருகிறது, 19.6-ஐ நெருங்கிக்கொண்டே வருகிறது. கடைசி அடியில் க-வைப் பூச்சியமாக்கிவிட்டால் 19.6 கிடைத்துவிடும். ஆனால் முந்தைய அடியில் அதே க-வால் வகுத்திருக்கிறோமே! வகுக்கும்போது பூச்சியம் இல்லை என்றீர்கள், வகுத்து முடித்ததும் பூச்சியம் என்கிறீர்கள், இது என்ன நியாயம் என்று 1734-இல் பெர்க்லி என்ற பாதிரியார் கணித அறிஞர்களைக் கேலி செய்து ஒரு நூலே எழுதினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான விடை கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பிரான்சு நாட்டின் கோஷி 1821-இல் வெளியிட்ட பாடநூலில் எல்லை என்ற கருத்தை அடித்தளமாக வைத்தார். க ஒருபோதும் பூச்சியம் ஆவதில்லை. க பூச்சியத்தை நெருங்கும்போது விகிதம் எந்த எண்ணை நெருங்குகிறதோ அந்த எண்ணுக்கே வகைக்கெழு என்று பெயர். அவ்வளவுதான்.

இப்போது நம் இரயில் பாதைக்குத் திரும்புவோம். அங்கே விகிதம் என்ன? க ஒரு கிலோமீட்டராக இருந்தால் 0.01. க ஒரு மீட்டராக இருந்தால் 0.01. க ஒரு மில்லிமீட்டராக இருந்தாலும் 0.01. நெருங்குவதற்கு ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. நகராமல் உட்கார்ந்திருக்கும் எண் எதை நெருங்கும் என்று கேட்டால், அதையேதான். ஆகவே எல்லை என்ற கருவியை இங்கேயும் எடுத்துப் பொருத்துகிறோம். ஆனால் அதற்கு இங்கே வேலை இல்லை. பெர்க்லியின் கேலி நேரியல் சார்பைத் தொடவே முடியாது.

இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம். நேரியல் சார்பில் சராசரி வீதமும் அந்தந்த இடத்து வீதமும் ஒன்றே. மற்றச் சார்புகளில் அவை வேறு வேறு. அந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் நிலையம் கடல் மட்டத்துக்கு 326 மீட்டர் மேலே இருக்கிறது. உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டர். இடையே மலை இரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். ஏறிய உயரம் 1,877 மீட்டர். வகுத்துப் பார்த்தால் சராசரியாக 24.5-க்கு 1 என்ற ஏற்றம். ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் 12-க்கு 1 என்ற அளவை ஒட்டிப் போகிறது. சராசரியைப் போல இரு மடங்கு! சராசரியை நம்பி எஞ்சின் கட்டியிருந்தால் அது குன்னூரைப் பார்த்திருக்காது. அந்தப் பகுதியில்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். குன்னூர் வரை பாதை 1899-இலும் உதகை வரை 1908-இலும் திறக்கப்பட்டது.

ஓட்டுநருக்கு வேண்டிய எண்

மாறிலி மறைவது வெறும் தாள் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். இரயில் எஞ்சினுக்கு அது தண்டவாளத்தின்மேல் நடக்கும் உண்மை.

100-க்கு 1 ஏற்றத்தில் 1,000 டன் எடையுள்ள சரக்கு வண்டி ஏறுகிறது. பூமி அதைப் பின்னோக்கி இழுக்கிறது. எவ்வளவு விசையுடன்? வண்டியின் எடையைச் சாய்வால் பெருக்க வேண்டும்: 1,000 டன் × 0.01 = 10 டன் எடைக்குச் சமமான விசை. சமதளத்தில் மெல்லச் செல்லும் வண்டியை உருட்டிச் செல்ல டன்னுக்கு இரண்டு முதல் நான்கு கிலோகிராம் எடையளவு விசை போதும்; எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும் சுகம் அது. 1,000 டன்னுக்கு மூன்று டன் என்று கொள்வோம். நூற்றுக்கு ஒரு மீட்டர் என்ற, கண்ணுக்கே தெரியாத அந்த ஏற்றம் வந்ததும், எஞ்சின் 3 டன்னுக்குப் பதிலாக 13 டன் விசையுடன் இழுத்தாக வேண்டும். சைக்கிளில் போகிறவர்கள் இதைக் கால்களால் அறிவார்கள்.

இந்தக் கணக்கில் 280 எங்கேயாவது வந்ததா? இல்லை. இதே 100-க்கு 1 ஏற்றம் தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்தாலும், உதகையில் 2,200 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், பின்னிழுக்கும் விசை அதே பத்து டன்தான். எஞ்சினை இழுப்பது உயரம் அன்று, உயரத்தின் வகைக்கெழு. ஆகவேதான் மஞ்சள் பலகையின் அடியிலுள்ள எண்ணைப் பயணிகள் வேடிக்கையாகப் படித்துவிட்டுப் போகலாம். சரிவுக் கம்பத்தை ஓட்டுநர் படிக்காமல் போக முடியாது.

நிலையங்களுக்குள் இந்த வகைக்கெழு மிகச் சிறியதாக இருந்தாக வேண்டும். அகலப் பாதை நிலையங்களில், தனி அனுமதி பெற்றாலன்றி, 400-க்கு 1 என்பதைவிடச் செங்குத்தான சரிவு இருக்கக்கூடாது என்பது நம் இரயில்வேயின் விதி. ஏன் 400? மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 400-க்கு 1 சரிவில் ஒரு டன்னைப் பூமி இழுக்கும் விசை இரண்டரைக் கிலோகிராம் எடையளவு. உருளைத் தாங்கி பொருத்திய பெட்டி ஒன்று தானே உருளத் தொடங்குவதற்கு ஏறத்தாழ அவ்வளவுதான் வேண்டும். சரிவு அதற்கு மேல் போனால், எஞ்சினைக் கழற்றி நிறுத்திவைத்த பெட்டி, தடை போட மறந்த ஒரு கணத்தில், ஆளில்லாமல் பாதையில் இறங்கி ஓடிவிடும். பார்வைக்கு நிலையம் முழுவதும் தட்டையாகத்தான் தெரியும். 0.0025 என்ற எண்ணை மனிதக் கண் காணாது, சக்கரம் காணும்.

குறியைப் பற்றியும் ஒரு சொல். திண்டுக்கல்லிலிருந்து போகும்போது ஏற்றமாக இருப்பது திரும்பி வரும்போது இறக்கம். சூத்திரத்தில் 0.01 என்பது −0.01 ஆகிவிடும். ஒரே தண்டவாளம், ஒரே மண். தூரத்தை எந்தத் திசையில் அளக்கிறோம் என்பதுதான் மாறியது. சமதளத்தில் உ = 280 என்று மட்டும் இருக்கும். அதன் வகைக்கெழு பூச்சியம். வகைக்கெழு பூச்சியம் என்பதும் ஒரு விடையே. ‘எல்’ என்று எழுதிய கம்பம் அதைத்தான் சொல்கிறது. வகைக்கெழு இல்லை என்பது வேறு செய்தி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வகைக்கெழு இல்லாத இடத்தைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

குடத்துக்குத் தெரியாத எண்

இரயிலை விட்டு வீட்டுக்கு வருவோம். ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்தும் காவிரியிலிருந்தும் குழாய் வழியே தண்ணீர் வரும் திண்டுக்கல்லில், தொட்டியை எட்டிப் பார்க்காமல் பொழுது விடியாத வீடுகள் எத்தனையோ. ஒரு வீட்டுத் தொட்டியில் காலையில் 400 லிட்டர் இருந்தது. குழாயைத் திறந்ததும் நிமிடத்துக்கு 25 லிட்டர் வீதம் நீர் வருகிறது எனக் கொள்வோம். நிமிடங்களை 25-ஆல் பெருக்கி 400-ஐக் கூட்டினால் தொட்டியிலுள்ள நீர் தெரிந்துவிடும். இதன் வகைக்கெழு 25. வெறும் 25 அன்று; நிமிடத்துக்கு 25 லிட்டர். வகைக்கெழுவுக்கு எப்போதும் மேலே உள்ளதன் அலகு, கீழே உள்ளதன் அலகு என இரண்டும் சேர்ந்தே வரும். பாதையில் மீட்டரை மீட்டரால் வகுத்ததால் அலகு தெரியாமல் போயிற்று.

அதே குழாயின்கீழ் 15 லிட்டர்க் குடத்தை வைத்தால் 36 வினாடியில் நிறையும். தொட்டியில் முன்பு இருந்தது 400 லிட்டரா 40 லிட்டரா என்பது குடத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் வீட்டு அம்மாவுக்குத் தெரிய வேண்டும்! வகைக்கெழு எடுத்தபின் மாறிலியை மறந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு அது வேண்டாம், எந்தக் கேள்விக்கு அது வேண்டும் என்பதே முக்கியம்.

வத்தலக்குண்டு வழியாகக் கோடைக்கானல் பேருந்தில் போகிறவர்கள் மூன்றாவது உதாரணத்தை உடம்பால் உணர்வார்கள். மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 பாகை செல்சியசு குறைகிறது. வகைக்கெழு −6.5. சமவெளியில் 38 பாகையாக இருந்தாலும் 28 பாகையாக இருந்தாலும் இந்த எண் மாறாது என்று இந்தச் சூத்திரம் சொல்கிறது. ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் ஏறினால் 12 பாகை குறைய வேண்டும். ஆனால் இது சராசரி என்பதை நினைவில் வையுங்கள். வறண்ட காற்று மேலெழும்போது கிலோமீட்டருக்கு 9.8 பாகை வரை குளிரும். ஈரம் நிறைந்து மேகம் கட்டும் காற்று அதைவிட மெதுவாகக் குளிரும். சித்திரை வெயிலில் கொளுத்தும் நண்பகலில் புறப்பட்டவர் 12 பாகைக்கு மேலும் குளிர்ச்சியை உணர்வார். குழாயில் அழுத்தம் குறைந்தால் 25 லிட்டர் 20 ஆவதைப் போலத்தான் இதுவும். உலகம் நேரியல் சார்பாக நடந்துகொள்வதாக யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

கோடு முறியும் இடம்

வகைக்கெழு இல்லாத இடத்தைப் பார்ப்பதாகச் சொன்னேன். 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 1.8 கிலோமீட்டர் வரை எவ்வளவு போனாலும் 25 ரூபாய்தான்; ஆகவே கட்டணத்தின் வகைக்கெழு பூச்சியம். அதன்பின் வகைக்கெழு 12. சரியாக 1.8-இல் என்ன? பின்னால் பார்த்தால் 0, முன்னால் பார்த்தால் 12. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததால் அந்த ஒரு புள்ளியில் வகைக்கெழு இல்லை. கோடு அறுபடவில்லை, முறிந்திருக்கிறது.

பயணியின் சட்டைப்பைக்கு அந்த முறிவினால் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. இரயில் பாதையிலோ அது கூடாது. சமதளம் முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டு நேர்கோடுகளையும் அப்படியே ஒட்டிவிட்டால் பெட்டிகள் குலுங்கும், இணைப்புகள் இழுபடும். ஆகவே சரிவு கணிசமாக மாறும் இடங்களில் பொறியாளர்கள் மெல்லிய வளைவு ஒன்றை நடுவில் அமைக்கிறார்கள். அந்த வளைவில் சாய்வு 0-இலிருந்து 0.01-க்குத் திடீரெனத் தாவாமல் சிறிது சிறிதாக ஏறுகிறது.

அந்த வளைவின்மேல் ஓரிடத்தில் வகைக்கெழு என்ன என்று கேட்டால்? இங்கேதான் எளிய நேரியல் சார்பு தன் பெருமையைக் காட்டுகிறது. வளைவின் ஒரு சிறு துண்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இன்னும் பெரிதாக்குங்கள். பெரிதாக்கப் பெரிதாக்க அது நேர்கோடாகவே தோன்றும். அந்த நேர்கோட்டின் சாய்வைத்தான் வளைவின் வகைக்கெழு என்கிறோம். விழும் கல்லுக்கு இரண்டாம் வினாடியில் 19.6 என்று கண்டோமே, அதன் பொருளும் இதுவே: அந்தக் கணத்தை ஒட்டிய மிகச் சிறு நேரத்துக்கு, கல் வினாடிக்கு 19.6 மீட்டர் என்ற நேரியல் சார்பைப் போல நடந்துகொள்கிறது. முறிந்த கோட்டின் முனையை எவ்வளவு பெரிதாக்கினாலும் முனையாகவே இருக்கும். அதனால்தான் அங்கே வகைக்கெழு இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு. திண்டுக்கல்லிலிருந்து ஒரு கற்பனைப் பாதையில் வண்டி புறப்படுகிறது. முதல் 2 கிலோமீட்டர் 200-க்கு 1 ஏற்றம். அடுத்த 1 கிலோமீட்டர் சமதளம். அடுத்த ஒன்றரைக் கிலோமீட்டர் 150-க்கு 1 இறக்கம். அங்கே ஒரு நிலையம். அதன் மஞ்சள் பலகையில் என்ன எண் எழுதியிருக்கும்?

சரிவுக் கம்பங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், 2,000 மீட்டரில் 10 மீட்டர் ஏறினோம், பிறகு மாற்றமில்லை, 1,500 மீட்டரில் 10 மீட்டர் இறங்கினோம். மொத்த மாற்றம் பூச்சியம். இதற்குமேல் கம்பங்கள் ஒன்றும் சொல்லமாட்டா. வழியெல்லாம் கம்பங்களைக் குறித்துக்கொண்டு, புறப்பட்ட நிலையத்தின் பலகையை மட்டும் பார்க்க மறந்தவருக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. தொகை நுண்கணிதத்தில் ஒவ்வொரு விடையின் முடிவிலும் ஆசிரியர் ஒரு மாறிலியைக் கூட்டச் சொல்வாரே, அது இந்தப் பலகை எண்தான். திண்டுக்கல் பலகையைப் படித்துவிட்டு ஏறியவர் மட்டும் இறங்கும் நிலையத்தின் பலகையைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்: அங்கே இருந்த அதே எண்தான் இங்கேயும்.